ரோஜா முள்ளும் நட்சத்திர மீனும்
நோய் எதிர்ப்பு சக்தியைக் கண்ணால் பார்த்த இலியா மெச்னிகோவ் (1845–1916)

மழைக்காலம் தொடங்கிவிட்டால் போதும், எந்தக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் வரும் செய்திகளில் பாதி நோய் எதிர்ப்பு சக்தியைப் பற்றித்தான் இருக்கும். இந்தக் கஷாயம் குடித்தால் கூடும், அந்தப் பழம் சாப்பிட்டால் பெருகும் என்று ஆளுக்கு ஒன்று அனுப்புவோம். அந்தச் சக்தி உடம்பில் எங்கே இருக்கிறது? யார் அதைச் செய்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு முதன்முதலில் நுண்ணோக்கியில் விடை தேடியவர் ஒரு டாக்டர் அல்ல. கடல் பிராணிகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு விலங்கியல் பேராசிரியர். இந்த இதழில் அவரைப் பற்றிப் பார்ப்போம்.

இளமையும் இழப்பும்

இலியா மெச்னிகோவ் 1845-ல், அன்றைய ரஷ்யப் பேரரசில் கார்கோவ் நகருக்கு அருகில் ஒரு கிராமத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் உக்ரைனில் இருக்கிறது. தந்தை ராணுவ அதிகாரி. தாய் யூத வம்சாவளியைச் சேர்ந்தவர். ஐந்து பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. ஒரு இடத்தில் உட்காராத குறும்பு காரணமாக வீட்டில் இவருக்குப் பாதரசம் என்று பட்டப்பெயர். பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். பிறகு ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போய், முதுகெலும்பில்லாத சிறு பிராணிகள் எப்படி வளர்கின்றன என்று ஆராய்ந்தார். 25 வயதில் ஒடெஸா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

வேலையில் கிடைத்த வேகம் வாழ்க்கையில் கிடைக்கவில்லை. 1869-ல் லுத்மிலா என்ற பெண்ணை மணந்தார். மணநாளில் அவரால் நடக்கக்கூட முடியவில்லை. நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குத் தூக்கிப் போனார்கள். காசநோய். அன்று அதற்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, வெயில் என்று ஊர் ஊராக அழைத்துப் போவதுதான் வைத்தியம். அதற்குப் பணம் வேண்டுமே என்று மெச்னிகோவ் மொழிபெயர்ப்பு வேலைகளையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். கண் வலி வந்து, சில காலம் நுண்ணோக்கியையே தொட முடியாமல் போயிற்று. 1873-ல் அட்லாண்டிக் கடலில் உள்ள மதீரா தீவில் லுத்மிலா காலமானார்.

மெச்னிகோவ் உடைந்துபோனார். தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, பிழைத்தார். அந்த நாட்களில் ஒரு மாலை, ஜெனீவாவில் பாலத்தின் மேல் நின்றபோது, விளக்கைச் சுற்றிச் சிறகடிக்கும் பூச்சிகளைப் பார்த்தார். சில மணி நேரமே வாழும் பூச்சிகள் அவை, சாப்பிடுவதுகூட இல்லை. இவ்வளவு குறுகிய வாழ்க்கையில் டார்வினின் இயற்கைத் தேர்வு எப்படி வேலை செய்யும் என்ற கேள்வி மனதில் எழுந்தது. அந்தக் கேள்வி அவரை மெல்ல வேலைக்குத் திருப்பியது. அவருடைய இரண்டாவது மனைவி ஓல்கா எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்தச் சம்பவம் இருக்கிறது.

ஓல்கா அவர் வாழ்க்கையில் வந்த விதம் அடுக்குமாடியில் வசிக்கும் நமக்குச் சிரிப்பை வரவழைக்கும். ஒடெஸாவில் மெச்னிகோவ் குடியிருந்த வீட்டுக்கு மேல் மாடியில் பிள்ளைகள் நிறைந்த ஒரு குடும்பம் இருந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் அவர்கள் போடும் சத்தம் தாங்காமல் இவர் முறையிட்டார். அப்படித் தொடங்கிய பழக்கத்தில், அந்த வீட்டுப் பெண்ணுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுக்கப் போனார். 1875-ல் அந்த மாணவியையே மணந்தார். மாடிவீட்டுச் சத்தத்தில் தொடங்கிய உறவு 41 ஆண்டுகள், அவர் சாகும்வரை நீடித்தது.

இருந்தும் துன்பம் விடவில்லை. 1880-ல் ஓல்காவுக்குக் கடுமையான டைபாய்டு. அடுத்த ஆண்டு ஜார் மன்னர் கொல்லப்பட்டார். பல்கலைக்கழகங்களில் அரசாங்கக் கெடுபிடி அதிகமாயிற்று. மனம் சோர்ந்திருந்த மெச்னிகோவ், தொற்று பரவுமா என்று பார்க்கிறேன் என்று, விட்டு விட்டு வரும் ஒரு வகைக் காய்ச்சல் நோயாளியின் ரத்தத்தைத் தனக்கே செலுத்திக்கொண்டார். ஆராய்ச்சி என்பது வெளியே சொன்ன காரணம். வாழும் ஆசை குறைந்திருந்தது உள்ளே இருந்த காரணம். கடும் காய்ச்சலுக்குப் பின் பிழைத்தார். விசித்திரமாக, அதற்குப் பிறகு அவருக்கு வாழ்க்கையின் மீது முன்னில்லாத பிடிப்பு வந்தது.

மெஸ்ஸீனாவில் ஒரு நாள்

1882-ல் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, ஓல்காவையும் அவருடைய தம்பி தங்கைகளையும் அழைத்துக்கொண்டு இத்தாலியில் சிசிலித் தீவின் மெஸ்ஸீனா நகரத்துக்குப் போனார். கடலோரத்தில் வீடு, முன்னறையில் நுண்ணோக்கி. ஆண்டின் இறுதியில் ஒரு நாள், வீட்டார் எல்லோரும் குரங்கு வித்தை பார்க்க சர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் தனியாக நட்சத்திர மீனின் லார்வாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது கண்ணாடி போல் இருக்கும். உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். அதன் உடம்புக்குள் சில செல்கள் தாமாக ஊர்ந்து திரிந்தன.

இந்த ஊரும் செல்களை அவர் முன்பே அறிவார். எளிய பிராணிகளில் இவை உணவுத் துணுக்குகளை விழுங்கி ஜீரணிப்பதை 1865 முதலே கவனித்து வந்தார். அன்று அவருக்குப் புதிதாக ஒன்று தோன்றியது. உணவை விழுங்கும் இந்தச் செல்கள், உடம்புக்குள் நுழையும் வேண்டாத பொருளையும் விழுங்கினால்? அது உடம்பின் தற்காப்பு அல்லவா? அப்படியானால் நட்சத்திர மீனுக்குள் ஒரு முள்ளைக் குத்தினால், மனிதன் விரலில் முள் குத்தினால் சீழ் கட்டுவதுபோல, இந்தச் செல்கள் ஓடிவந்து சூழ்ந்துகொள்ள வேண்டும்.

வீட்டுத் தோட்டத்தில் ரோஜாச் செடி இருந்தது. சில முட்களைப் பறித்து லார்வாக்களின் தோலுக்கு அடியில் குத்தினார். இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் அதிகாலையில் பார்த்தால், நினைத்தது அப்படியே நடந்திருந்தது. முள்ளைச் சுற்றி ஊர்செல்கள் கூட்டமாக மொய்த்திருந்தன. நட்சத்திர மீனுக்கு ரத்தக்குழாய் கிடையாது, நரம்பு மண்டலமும் நம்முடையது போல் இல்லை. அதனிடமே இந்த வேலை நடக்கிறது என்றால், இது உயிரினங்களில் மிகப் பழைய ஏற்பாடு என்று புரிந்துகொண்டார்.

விழுங்கும் செல் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொற்களால் இவற்றுக்கு பேகோசைட் என்று பெயர் வந்தது. வியன்னா பேராசிரியர் கிளாஸ் கொடுத்த யோசனை அது. 1884-ல் தண்ணீர்த் தெள்ளு என்ற சிறு பிராணியை ஒரு பூஞ்சை தாக்கும்போது, செல்கள் பூஞ்சையை விழுங்கிவிட்டால் பிராணி பிழைக்கிறது, பூஞ்சை முந்திக்கொண்டால் பிராணி சாகிறது என்று காட்டினார். நோய் என்பது உடம்புக்குள் நடக்கும் போட்டி என்பதற்கு அது நல்ல சாட்சி.

இதில் புதுமை என்ன?

அன்றைய மருத்துவர்கள் சீழிலும் வீக்கத்திலும் வெள்ளை அணுக்களைப் பார்த்திருந்தார்கள். அவற்றுக்குள் கிருமிகள் இருப்பதையும் பார்த்திருந்தார்கள். ஆனால் அந்த அணுக்கள் கிருமிகளுக்கு வாகனம், அவற்றில் ஏறித்தான் நோய் உடம்பெங்கும் பரவுகிறது என்று பலர் நம்பினார்கள். ஒரு முறை வந்த நோய் மறுபடி வராதது ஏன் என்ற கேள்விக்கு பாஸ்டர் சொன்ன முதல் விளக்கம், கிருமிக்கு வேண்டிய ஏதோ ஒரு சத்து உடம்பில் தீர்ந்துபோகிறது என்பதுதான். இரண்டு பார்வையிலும் உடம்பு சும்மா இருக்கிறது. நோய்தான் வருகிறது, போகிறது.

மெச்னிகோவ் இதைத் தலைகீழாக்கினார். வீக்கம் என்பது நோய் அல்ல, உடம்பு செய்யும் வைத்தியம் என்றார். உடம்பு சும்மா இருக்கும் பாத்திரம் அல்ல. தனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொரு கணமும் பார்த்துப் பிரிக்கிறது.

நம் ஊர் உதாரணத்தில் சொல்வதானால், எல்லோரும் உடம்பைக் காப்பவர் கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் என்று நினைத்தபோது, இவர் துப்புரவுப் பணியாளரைக் காட்டினார். இந்தச் செல்களின் முதல் வேலை சண்டை அல்ல, சுத்தம் செய்வது. தவளைக்குஞ்சு தவளையாகும்போது அதன் வால் சுருங்கி மறைகிறதே, அந்த வாலின் திசுக்களை விழுங்கி அப்புறப்படுத்துபவையும் இந்தச் செல்களே என்று அவர் காட்டினார். பழையதை அகற்றும் கைதான் பகைவனையும் அகற்றுகிறது. அப்படியானால் உடம்புக்குத் தன்னுடையது எது, பிறருடையது எது என்று பிறவியிலேயே எழுதி வைத்த பட்டியல் கிடையாது. அந்த எல்லையை உடம்பு தினமும் போட்டுக்கொண்டே இருக்கிறது. நோய் எதிர்ப்பு இயலின் தத்துவக் கேள்வி இங்கேதான் பிறந்தது.

எதிர்ப்பும் பாரிஸும்

1886-ல் ஒடெஸாவில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுவதற்காக ஒரு நுண்ணுயிரியல் நிலையம் தொடங்கினார்கள். பொறுப்பு மெச்னிகோவுக்கு. டாக்டர் பட்டம் இல்லாதவர் எப்படித் தலைமை வகிக்கலாம் என்று உள்ளூர் மருத்துவர்கள் எதிர்த்தார்கள். அந்த நிலையம் கொடுத்த ஆந்த்ராக்ஸ் தடுப்பூசியால் ஆடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. வேறு இடம் தேடி பெர்லினில் ராபர்ட் கோக்கைப் பார்க்கப் போனார்; அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாரிஸில் லூயி பாஸ்டர் அன்போடு வரவேற்று, புதிய நிறுவனத்தில் ஓர் ஆய்வகமே தருவதாகச் சொன்னார். 1888-ல் போனவர், கடைசிவரை 28 ஆண்டுகள் அங்கேயே இருந்தார்.

அங்கே போனதும் பெரிய சண்டை தொடங்கியது. ஜெர்மன் விஞ்ஞானிகள் பலர், உடம்பைக் காப்பது செல்கள் அல்ல, ரத்தத்தின் நீர்ப்பகுதியான சீரத்தில் கரைந்திருக்கும் பொருள்கள்தான் என்றார்கள். அவர்களிடமும் வலுவான ஆதாரம் இருந்தது. செல் இல்லாத சீரம் கிருமிகளைக் கொல்வதை 1888-ல் நட்டல் காட்டினார். 1890-ல் பேரிங்கும் ஜப்பானியரான கிடசாடோவும், டிப்தீரியாவுக்கும் ரண ஜன்னிக்கும் எதிரான முறிவு ஒரு விலங்கின் ரத்தத்தில் உண்டாகும், அதை எடுத்து இன்னொரு விலங்கைக் காக்கலாம் என்று நிரூபித்தார்கள். 1894-ல் பைஃபர், எதிர்ப்பு பெற்ற கினிப்பன்றியின் வயிற்று நீரில் காலராக் கிருமிகள் எந்தச் செல்லும் தொடாமலே கரைவதைக் காட்டினார். அதே ஆண்டு மெச்னிகோவின் சொந்த நிறுவனத்திலேயே, அவருடைய நண்பர் எமில் ரூ டிப்தீரியாவால் தவித்த குழந்தைகளுக்குச் சீரம் கொடுத்துக் காப்பாற்றினார்.

மெச்னிகோவ் தூக்கமில்லாமல் தவித்தார். ஆனால் ஓடவில்லை. எதிராளியின் ஒவ்வொரு சோதனையையும் தன் ஆய்வகத்தில் திரும்பச் செய்து பார்த்தார். செல்கள் சிதையும்போதுதான் அந்தப் பொருள்கள் வெளியே வருகின்றன என்று பதில் தந்தார். அவர் ஆய்வகத்திலேயே வேலை செய்த இளைஞர் ஜூல் போர்டே, சீரத்துக்குள் இரண்டு தனித்தனிப் பொருள்கள் சேர்ந்து கிருமியைக் கொல்வதைக் கண்டார். ஆசிரியரின் கட்சிக்கு அது சாதகமல்ல. ஆனாலும் மெச்னிகோவ் அந்த வேலையைத் தடுக்கவில்லை. போர்டே 1919-க்கான நோபல் பரிசு பெற்றார்.

1903-ல் லண்டனில் ஆல்ம்ராத் ரைட்டும் ஸ்டூவர்ட் டக்ளஸும் இரு கட்சிகளுக்கும் நடுவில் பாலம் போட்டார்கள். சீரத்தில் உள்ள பொருள்கள் கிருமியின் மேல் படிந்தால், செல்கள் அதைச் சுலபமாக விழுங்குகின்றன. இரண்டும் கூட்டாளிகள்! 1908-ல் மருத்துவ நோபல் பரிசை மெச்னிகோவுக்கும், சீரக் கட்சியின் தலைசிறந்த மூளையான பால் எர்லிக்குக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். பரிசளிப்பு நடந்த அதே டிசம்பர் மாதம் 28-ம் தேதி, மெஸ்ஸீனா நகரம் பூகம்பத்தில் தரைமட்டமாயிற்று.

இந்தியாவுக்கு ஒரு தொடர்பும் உண்டு. ஒடெஸாவில் மெச்னிகோவிடம் படித்த வால்டெமார் ஹாஃப்கின், ஆசிரியரின் உதவியால் பாரிஸ் நிறுவனத்தில் முதலில் நூலக வேலையில் சேர்ந்தார். அங்கே காலராத் தடுப்பூசி உருவாக்கி, 1893-ல் இந்தியா வந்தார். பம்பாயைப் பிளேக் உலுக்கியபோது அதற்கும் தடுப்பூசி செய்து, 1897 ஜனவரியில் முதலில் தனக்கே போட்டுப் பார்த்தார். மும்பை பரேலில் இன்றும் அவர் பெயரில் நிறுவனம் இருக்கிறது.

தயிரும் முதுமையும்

கடைசி இருபது ஆண்டுகளில் மெச்னிகோவைப் பிடித்த கேள்வி முதுமை. நாம் ஏன் மூப்படைகிறோம்? முதுமை பற்றிய படிப்புக்கு ஜெரண்டாலஜி என்று பெயர் வைத்தவரே இவர்தான். பெருங்குடலில் அழுகல் உண்டாக்கும் கிருமிகளின் நஞ்சு உடம்பில் ஏறுகிறது. அதனால் நம்மைக் காத்த விழுங்கும் செல்களே நம் திசுக்களைத் தின்னத் தொடங்குகின்றன. முடி நரைப்பதுகூட அந்தச் செல்கள் நிறத்தைத் தின்பதால்தான் என்று கருதினார். பல்கேரியாவில் புளித்த பால் சாப்பிடும் கிராமத்தார் நீண்ட நாள் வாழ்வதாகக் கேள்விப்பட்டு, புளிப்புக் கிருமி அழுகல் கிருமியை அடக்கும் என்று முடிவுக்கு வந்தார். தானும் தினமும் புளித்த பால் குடித்தார்.

1904-ல் அவர் நிகழ்த்திய ஒரு சொற்பொழிவு பத்திரிகைகளில் வந்ததும் ஐரோப்பா முழுக்கத் தயிர் மோகம் பற்றிக்கொண்டது. அவர் பெயரைப் போட்டு மாத்திரையும் பொடியும் விற்றார்கள். லண்டனில் ஆர்புத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற சர்ஜன் இதே குடல் நஞ்சுக் கொள்கையை நம்பி, நோயாளிகளின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். ஒரு பெரிய விஞ்ஞானியின் யூகம், நிரூபணத்துக்கு முன்னால் சந்தைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம். நரைமுடி விளக்கம் தவறு. பல்கேரியக் கிருமி நம் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை என்று பின்னர் தெரிந்தது. ஆனால் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு உண்டு என்ற அடிப்படை எண்ணம் வீண்போகவில்லை. இன்று உலகெங்கும் அது பற்றி ஆராய்ச்சி நடக்கிறது. தயிர் நல்ல உணவு. ஆயுளை நீட்டும் அமுதம் என்று சொல்லத்தான் ஆதாரம் இல்லை.

இந்தத் தேடலுக்குப் பின்னால் ஒரு குடும்பத் துயரமும் உண்டு. அவருடைய அண்ணன் இவான் இலியிச், துலா நகர நீதிமன்றத்தில் பணியாற்றி 1881-ல் இளவயதிலேயே இறந்தார். அந்த மரணம்தான் டால்ஸ்டாயின் இவான் இலியிச்சின் மரணம் என்ற கதைக்குத் தூண்டுதல். 1909-ல் மெச்னிகோவ் டால்ஸ்டாயை அவர் வீட்டில் சந்தித்தார். ஒருவர் மரண பயத்துக்கு மருந்து ஆன்மிகத்தில் இருக்கிறது என்றவர். மற்றவர் அறிவியலில் இருக்கிறது என்றவர். மரியாதையோடு பேசிக்கொண்டார்கள், கருத்து மாறவில்லை.

இறுதி நாட்கள்

1914-ல் உலகப்போர் வந்து ஆய்வகம் வெறிச்சோடியது. இளைஞர்கள் போருக்குப் போனார்கள். மெச்னிகோவின் இதயம் பலவீனமாயிற்று. தன் நோயின் ஒவ்வொரு கட்டத்தையும் நாட்குறிப்பில் எழுதிவந்தார். இருமுறை தன் உயிரை வேண்டாம் என்று நினைத்தவர், எழுபது வயதைத் தாண்டியதை ஒரு சாதனையாகவே கருதினார். இறந்தபின் தன் உடலைத் திறந்து, குடலை நன்றாகப் பார்க்கும்படி சக மருத்துவரிடம் சொல்லிவைத்தார். 1916 ஜூலை 15-ம் தேதி, 71-ம் வயதில் காலமானார்.

அவருக்குப் பின் நெடுங்காலம் ஆன்டிபாடிகளின் காலமாகவே இருந்தது. ஆஸ்திரேலியரான மெக்ஃபார்லேன் பர்னெட், தன்னையும் பிறரையும் பிரித்தறிவதே நோய் எதிர்ப்பின் அடிப்படை என்று கொள்கை வகுத்தார். ஆனால் அந்தப் பிரிவு அவ்வளவு சுலபமானது அல்ல. குடலில் கோடிக்கணக்கான அந்நியக் கிருமிகளை உடம்பு பொறுத்துக்கொள்கிறது. தாய் தன்னில் பாதி அந்நியமான குழந்தையைச் சுமக்கிறாள். முடக்குவாதம் போன்ற நோய்களில் உடம்பு தன் மூட்டையே தாக்குகிறது. 2011-ல் பாய்ட்லர், ஹாஃப்மன், ஸ்டைன்மன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முதல் இருவர் உடம்பில் பிறவியிலேயே அமைந்த எதிர்ப்பு எப்படி விழித்துக்கொள்கிறது என்று கண்டவர்கள். ஒருவர் ஈயிலும் இன்னொருவர் எலியிலும் அதைப் பார்த்தார். நட்சத்திர மீனில் மெச்னிகோவ் பார்த்த பழைய ஏற்பாடுதான் அது.

ஆகவே நோய் எதிர்ப்பு சக்தி என்பது தண்ணீர்த் தொட்டியில் மட்டம் ஏற்றுவதுபோல் ஏற்றக்கூடிய ஒன்று அல்ல. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. எதை அகற்றுவது, எதோடு சேர்ந்து வாழ்வது என்று ஓயாமல் முடிவெடுக்கும் ஒரு வேலை அது. அந்த வேலையை முதலில் கண்டு சொன்னவரின் அஸ்தி, பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் நூலகத்தில் புத்தகங்களுக்கு நடுவே ஒரு கலசத்தில் இருக்கிறது.